கில்லம் முடிச்சு

கணுக்காலில் ஏறிய அட்டையைச் சுண்டிவிட்டு மெர்ல் கில்லம் நிமிர்ந்து நின்றாள். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையவில்லை.

"சிங்கி பிடிக்கக் கூடாதுன்னு தடைச் சட்டம் வந்த நாள்லேருந்து எங்க ஓடையில ஒரு சிங்கி மேலயும் கை பட்டதில்ல. அப்படியே எழுதிக்கோ."

ஓடைச் சிங்கிகளைக் கணக்கெடுக்க வந்த அரசு ஊழியர் டீகன், முழங்கால் தண்ணீரில் நின்றபடி எழுதிக்கொண்டாள். கரையில் மெர்லுடைய தம்பி லென் தன் பூட்ஸ் நாடாவை மூன்றாவது முறையாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

டாஸ்மேனியாவின் வடக்கு ஓடைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது இந்த நன்னீர்ச் சிங்கி இறால். முழங்கை நீளத்துக்கு மேல் வளரும். அதற்குப் பல பத்து வருஷங்கள் ஆகும். அதற்காகத்தான் மெர்ல், மாடுகள் இறங்காமல் ஓடை நெடுக வேலி போட்டாள். விழுந்த மரங்களை விழுந்தபடியே விட்டாள். ஊர் மதுக்கடையில் 'சிங்கி ராணி' என்று கேலி பேசினார்கள். பேசட்டும். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துமிருந்தது.

"இங்க ஏதோ கயிறு கட்டியிருக்கு," என்றாள் டீகன்.

விழுந்து கிடந்த மரத்திலிருந்து, வைக்கோல் கட்டும் நீலக் கயிறு ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது.

"யாராவது வெளியாளு வேலி தாண்டி வந்திருப்பான், மிஸ் கில்லம். எல்லா ஓடையிலயும் நடக்குறதுதான்."

மெர்ல் முடிச்சைப் பார்த்தாள். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனி உள்ளே. அப்பாவின் முடிச்சு. தன் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் அவர் சொல்லிக்கொடுத்தது. டீகனே வழி விட்டிருந்தாள், தலையாட்டினால் போதும். லென் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளியாள் இல்ல. இந்த முடிச்சு தெரிஞ்சவங்க ரெண்டு பேருதான் உயிரோட இருக்கோம். நான் கட்டல. மேல எழுதினத அடிச்சுடு."

"அக்கா! ஒன்னே ஒன்னுதான்... அப்பா என் பொறந்தநாளுக்குப் பிடிப்பாரே, அந்த மாதிரி..."

"எழுபது வயசுல பொறந்தநாள் விருந்தா? உன் பேர நீயே சொல்லு. கில்லம்னு சேத்துச் சொல்லு. அத மட்டும் முழுங்கிடாத."

லென் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முழுப் பெயரையும் சொன்னான். டீகனின் பேனா சற்றுத் தயங்கி, பிறகு ஓடியது.

மெர்ல் இடுப்பளவு நீரில் இறங்கி முடிச்சை அவிழ்த்தாள். கயிறு கனத்தது. அப்பா இழுத்ததுபோலவே, அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். கலங்கலுக்குள்ளிருந்து முதலில் ஒரு கரிய கொடுக்கு வந்தது. பிறகு அவள் முழங்கையை விட நீளமான உடம்பு. கயிற்று நுனியில் இரையாகக் கட்டியிருந்த இறைச்சியை இறுக்கிப் பிடித்தபடி அவளை நேராகப் பார்த்தது.

"விடு," என்றாள் மெர்ல், மெதுவாக.

அது விடவில்லை. அவளும் விடவில்லை. இருவருக்கும் நடுவே நீலக் கயிறு விறைப்பாக நின்றது.