லம்பா லைனில் நாலு மணி வெயில்

திருநாவுக்கரசுவுக்குக் கப்பல் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எந்தக் கப்பல் எந்த ஜெட்டிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். சூரியன் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பது மட்டும் அந்த மனுஷனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? காலையில் போய் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தால், அவர் லம்பா லைன் வீட்டுக்குக் கிளம்பும்போது போர்ட் பிளேயரே இருட்டிக் கிடக்கும்.

அவர் மனைவி நீலாவதிக்கு அஞ்சு மாசமாக உடம்பு சரியில்லை. வெயில் பட்டால் போதும், கன்னம் ரெண்டும் சிவந்து தடித்துவிடும். மறுநாள் மூட்டெல்லாம் வலி. துளி வெயில்கூடப் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்து டீச்சர் வேலைக்கு லீவு போட்டவள், பின்பக்கத்து ஜன்னலருகே உட்கார்ந்தவள்தான். தினம் நாலு மணிக்குக் கொல்லையில் நாற்காலி போட்டு, மிளகாய்ச் செடிகளைத் திட்டிக்கொண்டே டீ குடிக்கிற பெண் அவள். இப்போது டீ ஆறிப்போனால்கூட ஏன் என்று கேட்பதில்லை. திருநாவுக்கரசுவுக்கு அதுதான் தாங்கவில்லை. தலைகீழாக நின்றாவது அவளை நாலு மணிக்குக் கொல்லையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று இறங்கிவிட்டார்.

கொல்லையில் ஏற்கெனவே ஒரு மரச்சட்டம் நின்றது. நாலு தூண், மேலே வரிசையாக விட்டங்கள். பெர்கோலா என்று பெயர். இரண்டு வருஷம் முன்னால் நீலாவதி ஆசைப்பட்டுக் கட்டியது. பார்க்க லட்சணமாக இருக்கும், நிழல் என்று கேட்டால் கையை விரித்துவிடும். சிவகங்கையில் பந்தல் போடும் தன் அண்ணன் பாலசுப்பிரமணியத்துக்குப் போன் போட்டார்.

"இதெல்லாம் ஒரு வேலையாடா? பன்னெண்டு மணிக்கு நிழல் எங்க விழுதுன்னு பாத்துக் கோடு போடு. அதுக்கு மேல மூடிரு. நாலு மணிக்கும் வெயில் மேலயிருந்துதான அடிக்கும்," என்றார் அண்ணன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பச்சை வலையை விட்டங்களின் மேல் இழுத்துக் கட்டினார். நாலு மணிக்கு மனைவியின் நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தார். வெயில் பளீரென்று மூஞ்சியில் அடித்தது. வலை ஓட்டை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் அதையே இரண்டு மடிப்பாகப் போட்டார். அதே கதைதான். மூன்றாவது வாரம் பெரார்கஞ்சிலிருந்து தென்னங்கீற்று வாங்கிவந்து மேலே வேய்ந்தார். நாலாவது வாரம் அதற்கும் மேலே தார்ப்பாய். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது, வெயில் மட்டும் விருந்தாளி மாதிரி நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது.

"ஏங்க, தலையில ஒரு துண்டாவது போட்டுக்கங்க," என்றாள் நீலாவதி ஜன்னலிலிருந்து. அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குக் கையாலாகலை நீலா. உன்னை வெளிய கூட்டிட்டு வரணும்னு பாத்தேன், முடியலை," என்றார். 

அவள் ஜன்னலுக்குள் இருந்தபடியே விரலால் சுட்டிக் காட்டினாள். 

"மேல இனிமே ஒண்ணும் போடாதீங்க, சட்டம் பாவம். இங்க சூரியன் மெயின்லேண்டுக்கு முன்னாடியே ஓடிருது, பதினொண்ணே காலுக்கெல்லாம் உச்சி தாண்டிருது. அஞ்சு மணிக்கு நாம விளக்குப் போட்டுடறோம். நாலு மணி வெயில் மேலயிருந்தா வரும்? பக்கத்துல தாஸ் பாபு வீட்டுச் சுவருக்கு மேல எட்டிப் பாத்து, அந்த மேற்கு ரெண்டு தூணுக்கு நடுவுல பக்கவாட்டுல நுழையுது. அந்த இடத்துல ஒரு மூங்கில் தட்டி தொங்க விடுங்க, போதும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு மாசமா நான் வேற எதைப் பாத்தேன்?"

திருநாவுக்கரசுவுக்குச் சுருக்கென்றது. சிவகங்கைக்குப் போன் போட்டவருக்கு, பத்தடி தள்ளி இருக்கும் ஜன்னலில் கேட்கத் தோன்றவில்லையே. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டார். ஆபீஸில் அது பெரிய செய்தி. பஜாரிலிருந்து ஒரு மூங்கில் தட்டியைத் தோளில் சுமந்து வந்து, அவள் ஜன்னலிலிருந்து இடது, வலது என்று அதட்ட அதட்ட, மேற்குத் தூண்களுக்கு நடுவே தரை வரை தொங்கவிட்டார். நாலு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு பொட்டு வெயில் இல்லை.

நீலாவதி குடையைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒரு நிமிஷம் தயங்கி, இறங்கி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து குடையை மடக்கினாள். மிளகாய்ச் செடிகளைப் பார்த்து, "சோறு தண்ணி இல்லாம இளைச்சிட்டீங்களா, சோம்பேறிகளா," என்றாள். அவருக்குக் கண் கலங்கியது. மறைக்க டீயை ஆற்றுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"முத வாரமே சொல்லியிருக்கலாமே நீலா? நாலு வாரம் வீணாப் போச்சே."

"வெளிய வர எனக்குப் பயமா இருந்துச்சுங்க." டீயை ஒரு வாய் குடித்தாள். "அப்புறம், சொல்லியிருந்தா அன்னிக்கே முடிச்சிட்டு டெலானிபூருக்குச் சீட்டாடப் போயிருப்பீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க நாலு ஞாயித்துக்கிழமை முழுசா என் கண்ணு முன்னாடி நின்னது இப்பதான்."

அவர் உள்ளே போனார். இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து பக்கத்தில் போட்டார். தட்டியின் நிழல் ஓராளுக்குத்தான் காணும். வெயில் அவருடைய பாதி முகத்தில் அடித்தது. நீலாவதி தன் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, "உள்ள வாங்க," என்றாள்.