ஒரு நாக்கை நம்பிய மாநிலம்

வைக்கோல் அடைத்த கன்றுக்குட்டி வளர்ந்து மாடாகி முதன்முதலாகப் பால் கொடுத்தது ஒரு புதன்கிழமை காலையில். பாலில் கொழுப்பு சரியாக இருந்ததால் சொசைட்டியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அளந்து ஊற்றிக்கொண்டார்கள், அன்றைய விலையைப் போட்டார்கள், அடுத்த ஆளை வரச் சொன்னார்கள். கேள்வி கேட்டவர் ஒரே ஒருத்தர்தான். அந்தப் பாலைக் கொண்டுபோன பால்காரம்மாவின் கணவர் அவர். கடைத்தெருவின் கோடியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார், ஊரே அவரை வைக்கோல்காரர் என்றுதான் கூப்பிட்டது. அவர் கேட்டதும் பெரிய கேள்வி இல்லை. "அது என்ன தின்னுச்சு?" என்றார். "ஒண்ணும் தின்னலையே," என்றாள் மனைவி, கேனைக் கழுவிக்கொண்டே. வைக்கோல்காரர் கடைக்குப் போய் அடுக்கியிருந்த கட்டுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

இதெல்லாம் ஆரம்பித்தது அதற்கு மூன்று வருஷம் முன்னால். அவர்கள் வீட்டுச் செவலை மாடு ஈன்ற கன்று ஒரு வாரத்தில் கழிச்சல் கண்டு செத்துப்போனது. கன்று முகம் காணாமல் செவலை பால் இறக்க மறுத்ததால், மாடு வைத்திருக்கிறவர்கள் செய்கிற வேலையையே இவர்களும் செய்தார்கள்: தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, நாலு குச்சிகளைக் காலாக வைத்து, கறக்கிற நேரத்தில் தாயின் முகத்துக்கு நேரே நிறுத்தினார்கள். வைக்கோல் கடைச் சரக்கு. பெண்டாட்டிதானே என்று அவர் ஓசியில் கொடுத்த ஒரு கட்டு. செவலை பொம்மையை நக்கியது, பால் இறங்கியது. பால் வற்றியதும் பொம்மையைத் தூக்கிப்போட்டு எரித்துவிடுவதுதான் எங்கும் உள்ள வழக்கம். பால்காரம்மா எரிக்கவில்லை. எடுக்கப் போன போதெல்லாம் செவலை போட்ட சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே, அதுவா சோறு கேக்குது?" என்று விட்டுவிட்டாள். செவலையும் விடாமல் நக்கியது. நக்கிய இடத்தில் முதலில் மயிர் படிந்தது, பிறகு சூடு வந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் குச்சிக் கால்கள் மடங்கப் பழகிக்கொண்டன. உடம்பு வளர வளரத் தையல் பிரியும். பால்காரம்மா கோணி ஊசியை எடுத்துவந்து, வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை மடிப்பைப் பிரித்து விடுகிறவளைப் போல, அலுக்காமல் ஒட்டுப்போட்டுத் தைத்தாள். கன்று போடாமலே அதற்கு மடியும் இறங்கியது.

வைக்கோல்காரர் எதையும் நம்புகிற ஆள் இல்லை, நம்பாமல் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. கடையை மூடிவிட்டு வந்து அதன் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். விலாவில் காது வைத்துக் கேட்பார். உள்ளே இதயம் எதுவும் அடிக்கவில்லை. காற்றடித்த வைக்கோல் போரில் கேட்கிற மாதிரி ஒரு சரசரப்பு மட்டும். முகர்ந்து பார்த்தால் தன் கடை வாசனை. அவர் நீட்டிய வைக்கோலையும் தவிட்டையும் அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் இருந்தது அவருக்கு.

சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? ஒரு வருஷத்தில் மாநிலம் முழுக்க வீட்டுக்கு வீடு வைக்கோல் கன்று நின்றது. தாய் மாடு நக்கினால் போதும், சூடு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. உள்ளே திணிக்க வைக்கோல் வேண்டியிருந்ததால் முதல் வருஷம் விலை இரட்டிப்பானது. வைக்கோல்காரர் கடைக்குப் புதுத் தராசு வாங்கினார், மனைவிக்கு ஒரு சங்கிலி வாங்கினார், தனக்கு மின்விசிறி மாட்டிக்கொண்டு அதன் கீழே கண்ணை மூடி உட்கார்ந்தார். அடுத்த வருஷம் திணித்து முடித்துவிட்டார்கள். தின்னாத மாட்டுக்கு யார் தீவனம் வாங்குவார்கள்? வைக்கோல்காரர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஈ ஓட்டினார். அவர் மட்டும் இல்லை. கயிறு திரிக்கிறவரிடம் கயிறு தேங்கியது, ஏனென்றால் வைக்கோல் மாடு அவிழ்த்து விட்டாலும் எங்கேயும் போகாது. லாடம் அடிக்கிறவர் பூட்டுச் சாவி ரிப்பேருக்குப் போனார். மாட்டு டாக்டர் ஊசிகளை வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்துத் திரும்ப வெந்நீரில் போட்டார். சாணி இல்லாததால் வயல்காரர்கள் மூட்டை மூட்டையாக உரம் வாங்கினார்கள். அந்த உரத்துக்குப் போன பணம் பாலில் வந்த பணத்தைவிட அதிகம் என்பதைக் கொஞ்ச நாள் யாரும் கவனிக்கவில்லை. செலவே இல்லாத பால் என்று தலைநகரத்தில் மந்திரி பேசினார், பக்கத்து மாநிலங்கள் வயிறெரிந்தன. பால் விலை பாட்டில் தண்ணீர் விலைக்கும் கீழே போனது.

இதற்கு நடுவே உயிர் மாடுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. புதிதாக வைக்கோல் கன்று தைக்கத் தோல் வேண்டும். தோலின் விலை ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மாட்டைவிட மாட்டின் தோல் விலை கூடிவிட்டது. தீனி போட்டுக் கட்டிக்காப்பானேன் என்று ஒவ்வொருவராக அடிமாட்டு லாரியில் ஏற்றினார்கள். காளைகள் முதலில் போயின, பிறகு பசுக்கள். கன்றை நக்கிக்கொடுக்க ஒரு மாடு வேண்டுமே என்று யோசிக்காமல் இல்லை. பக்கத்து வீட்டு மாடு இருக்கிறதே என்று யோசித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் யோசித்தார். கடைசியில் மாநிலத்தில் உயிரோடு மிஞ்சியது செவலை ஒன்றுதான். பால்காரம்மாகூட அதை விற்கலாமா என்று ஒரு நாள் பேச்செடுத்தாள். "வித்துட்டா என் கடையில வைக்கோல் வாங்க வேற யாரு இருக்கா?" என்று வைக்கோல்காரர் எகிறினார். சண்டை பெரிதாகி, இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரம், தண்ணீர் பில், தலைவலி எல்லாம் செவலை வழியாகவே போய் வந்தன. "செவலை, உங்கம்மாகிட்ட சொல்லு, வெந்நீர் வேணுமாம்." "செவலை, உங்கப்பாவுக்குக் கை இருக்குதான்னு கேளு." செவலை நடுவில் நின்று அசைபோட்டது.

பிறகுதான் வைக்கோல் மாடுகள் இளைக்க ஆரம்பித்தன. கறக்கக் கறக்கத் தோல் தொய்ந்தது. தையலைப் பிரித்துப் புது வைக்கோல் திணித்துப் பார்த்தார்கள். திணித்தது அப்படியே பின்பக்கம் வழியாக உதிர்ந்தது. செவலை நக்கினால் மட்டும் ஒரு மாதத்துக்கு மடி இறங்கியது. சந்துக்குள் லாரிகள் வரிசை கட்டின. எல்லா ஊர் வைக்கோல் மாடுகளையும் செவலை முன்னால் நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பாலும், டேங்கர் டிரைவர்களின் சம்பளமும், சொசைட்டிக் கட்டடத்தின் வாடகையும் ஒரு மாட்டின் நாக்கில் வந்து நின்றன. நாக்கு புண்ணாகிவிட்டது. பால்காரம்மா தினமும் தேங்காய் எண்ணெய் தடவினாள், தடவும்போது அழுதாள். தன் குட்டி என்று நினைத்துத்தானே எல்லாவற்றையும் இது நக்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திட்டத்துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். கெட்டவர் இல்லை. காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழுவத்துக்குள் வந்தவர், ஆர்வத்தோடு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார், வைக்கோல்காரரைப் போலவே விலாவில் காது வைத்தும் கேட்டார். செவலையைத் தலைநகரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அங்கே குளிர்சாதன அறை, நாக்குக்கு மருந்து, இரண்டு டாக்டர்கள். இல்லாவிட்டால் மாநிலமே உட்கார்ந்துவிடும் என்றார், அது பொய்யும் இல்லை. வைக்கோல்காரர் செவலையைப் பார்த்துச் சொன்னார்: "நீ போற அன்னைக்கு நானும் கடையைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவேன். துறைமுகத்துல கிடங்குக் காவல் வேலை இருக்குன்னு சொல்லியிருக்காங்க." அது செவலைக்குச் சொன்னதல்ல.  அன்று பால்காரம்மா குழம்பைத் தீய்த்துவிட்டாள், இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

காப்பாற்றியது மாட்டு டாக்டர். சினை ஊசிக்கான காளை விந்தைப் பாதுகாக்கும் உறைகுளிர்க் குடுவையை அவர் சொந்தக் காசில் நிரப்பி வைத்திருந்தார். கைக்குத் தொழில் மறந்துவிடும் என்ற பயத்தில், டீ குடிக்க வந்த ஒரு நாள் செவலைக்கு ஊசி போட்டுவிட்டும் போயிருந்தார். இப்போது அது நிறைசினை. இந்த நிலையில் லாரியில் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்ல, கன்று ஈன்றதும் வருகிறேன் என்று அதிகாரியம்மா திரும்பிப் போனார். செவலை ஒரு கிடேரிக் கன்றை ஈன்றது. ஈரமாக, சூடாக, உள்ளே திடுதிடுவென்று இதயம் அடிக்கிற கன்று. வைக்கோல்காரர் காது வைத்துக் கேட்டுவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து செவலை கிடேரியைத் தவிர வேறு எதையும் நக்கவில்லை. லாரியில் வந்த வைக்கோல் மாடுகளுக்கு முதுகைக் காட்டி நின்றது. மாநிலத்தில் பால் பாதியாகி, பிறகு கால்வாசியாகி, டேங்கர்கள் சாலையோரம் நின்றன.

அதிகாரியம்மா பெரிய லாரியோடு வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், தூங்கிப் பல நாளானது தெரிந்தது. கிடேரி கூட இருந்தால் செவலை மற்றதை நக்காது, அதனால் கன்றை இங்கேயே விட்டுவிடலாம் என்றார்.

"கன்னு இல்லாம அது கத்துமே," என்றாள் பால்காரம்மா.

"பக்கத்துல ஒரு பொம்மை வச்சுடலாம்மா. நீங்க வச்ச மாதிரிதானே?"

பால்காரம்மா லாரிக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்றாள். "ஒரு தடவை ஏமாத்தினது போதும். அதுக்கு இப்பதான் குட்டின்னு ஒண்ணு கிடைச்சிருக்கு. என்னைத் தூக்கி ஏத்திட்டு அப்புறம் அதை ஏத்துங்க."  வைக்கோல்காரர் அவளையே பார்த்தார். மாதக்கணக்கில் செவலை வழியாகப் பேசிய மனிதர், நேராக மனைவியிடம் போய், "நானும் நிக்கிறேன், நீ தள்ளிக்கோ கொஞ்சம்," என்று பக்கத்தில் நின்றுகொண்டார். அதிகாரியம்மா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். அதன் சத்தம் அடங்கிய பிறகுதான் தொழுவத்தில் எதுவோ மெல்லுகிற சத்தம் கேட்டது.

கிடேரி அன்று முதன்முதலாக வைக்கோலைக் கவ்விப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதியை மென்று பாதியைத் துப்பியது. சுவரில் சாய்ந்து கிடந்த முதல் வைக்கோல் மாடு, எலும்பே இல்லாத தோலாகத் தொங்கிப் போயிருந்தாலும், தையல் கண்ணைக் கொட்டாமல் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கழுத்தை நீட்டி, துப்பிய வைக்கோலில் ஒரு வாய் எடுத்தது. மென்றது. விழுங்கியது. கிடேரியிடமிருந்து இன்னொரு வாய். வைக்கோல்காரர் ஓடிப்போய்க் கடையிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிவந்து பிரித்துப் போட்டார். அது தின்னத் தின்ன வயிறு ஏறியது, தையல்கள் நெரிந்தன, பால்காரம்மா ஊசி தேடி உள்ளே போனாள். மத்தியானம் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதிகாரியம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வைக்கோல் மாடு தின்றதை மேலே கொண்டுவந்து அசைபோட்டது, கொஞ்சம் யோசித்தது, வாலைத் தூக்கியது, சாணி போட்டது.

மாட்டு டாக்டர் மண்டியிட்டுப் பார்த்து, "நல்ல சாணி," என்றார். தெருவே கைதட்டியது. அதிகாரியம்மா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார், டிரைவரிடம் திரும்பினார். "லாரியைத் திருப்புங்க. எங்கெல்லாம் வைக்கோல் கிடைக்குதோ ஏத்திட்டு வாங்க."

மறுநாள் காலையில் பக்கத்து ஊர் வைக்கோல் மாடுகள் தாமாகவே நடந்துவந்து கடைத்தெருவில் வரிசையாக நின்றன. ஒன்று தின்பதை இன்னொன்று பார்த்துப் பழகிக்கொண்டது, பழகிய மாடுகள் ஊர் திரும்பி மற்றவற்றுக்குப் பழக்கின. வைக்கோல்காரர் ஷட்டரைத் தூக்கும்போது, "துறைமுகத்துக்குப் போறதா சொன்னீங்களே?" என்று பால்காரம்மா கேட்டாள். "மாடெல்லாம் பசியோட நிக்குது, இப்பப் போய் துறைமுகமாம்!" என்று அவளை அதட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே கட்டைப் பிரித்தார். அந்த வருஷம் வைக்கோல் பழைய விலைக்கு வந்தது, பால் பழைய விலைக்கு ஏறியது, உரக்கடைகளில் கூட்டம் குறைந்தது. கயிற்றுக்காரர் திரும்பக் கயிறு திரித்தார், ஏனென்றால் பசி வந்த பிறகு வைக்கோல் மாடுகள் அடுத்தவர் வயலில் மேயப் போயின. செவலையின் புண் ஆறிவிட்டது. இப்போதெல்லாம் சொசைட்டியில் பாலை ஊற்றுவதற்கு முன், உயிர் மாடோ வைக்கோல் மாடோ, எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அது என்ன தின்னுச்சு?" பால்காரம்மா கேனை நீட்டியபடி, "எங்க கடை வைக்கோல்தான், வயிறு நிறைய," என்பாள். அவர்கள் அளந்து ஊற்றிக்கொண்டு அடுத்த ஆளை வரச் சொல்வார்கள்.