மாப்பிள்ளை வாய் திறந்தார்

இருபத்துமூன்று சின்னக் குழாய்களில் நோயாளிகளின் சளி. இருபத்துநாலாவதில் வெறும் சுத்தத் தண்ணீர். வைரஸின் மரபணு வரிசையைப் படிக்கும் அந்த ஆய்வகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் இதுதான் வழக்கம். தண்ணீரில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கோ கை பிசகியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வேலையும் செய்யாமல் ஜம்மென்று உட்கார்ந்திருப்பதால் அந்தக் குழாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர்.

வியாழக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வாய் திறந்துவிட்டார். திரையில் ஒரு முழு வைரஸ்.

"பக்கத்துக் குழாயிலேர்ந்து தெறிச்சிருக்கும். விடுங்க, மறுபடி ஓட்டிக்கலாம்," என்றார் மேலாளர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

ஆய்வாளர் விடுவாளா? பதினோரு வருஷமாக இதே வேலையில் குப்பை கொட்டுகிறவள். கை பிசகிற்று என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். தண்ணீரில் கிடைத்த வரிசையை மற்ற இருபத்துமூன்றோடும் ஒப்பிட்டாள். ஒன்றோடும் ஒட்டவில்லை. போன வாரம் வேறோர் ஊர் மருத்துவமனை அனுப்பியிருந்த வரிசையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. பெரியவர்களுக்கு அந்த வைரஸால் வெறும் தொண்டைக் கரகரப்பு. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள் ஐந்தில் மூன்று பிழைக்கவில்லை.

"வரிசையை மட்டும்தானே அனுப்பினாங்க, இந்த வைரஸ் நம்ம ஆய்வகத்துக்கே வரலையே சார். அப்புறம் எப்படி?"

கேட்டுவிட்டுச் செருமினாள். இரண்டு நாளாகத் தொண்டை கரகரவென்றுதான் இருக்கிறது. மேலாளரின் டீ பாதி வழியில் நின்றது.

செவ்வாய்க்கிழமை தண்ணீரை ஊற்றியது அவள்தான். வெறும் தண்ணீர்தானே என்று முகக்கவசத்தை இறக்கிவிட்டு, தங்கைக்குப் பெண் பிறந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னதும் அவள்தான். அதற்கப்புறமாவது சும்மா இருந்தாளா, பாவி? வீட்டிலிருந்த பன்னிரண்டு நாள் குழந்தையை மடியை விட்டு இறக்கவேயில்லை. இன்று காலையில்கூடக் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"குட்டி என்னடி பண்றா?"

"உன் செல்லம் இன்னைக்கு ரொம்ப சமத்துக்கா," தங்கை கிசுகிசுத்தாள். "நேத்தெல்லாம் கத்தி ஊரைக் கூட்டினா. இன்னைக்கு மூச்சுக் காட்டல. காலையிலேர்ந்து பாலுக்குக்கூட எழுந்திரிக்கல. உன்னை மாதிரியே தூங்குமூஞ்சி."

"எழுப்புடி! இப்பவே எழுப்பு!"

மறுமுனையில் தங்கை கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, தட்டித் தட்டிக் கூப்பிடுவது கேட்டது.