ஈஸ்ட் வாங்காத கடை

அந்த ஊரில் ஆண்களுக்கு ஆசை வந்தால் காது இரண்டும் விளக்கு போல எரியும். வந்த வேகத்தில் அணைந்தும் விடும். பெண்களின் காதுகள் எரிந்ததில்லை. ஆகவே பெண்களுக்கு ஆசை குறைவு என்று மருத்துவர் பதிவேட்டில் எழுதினார். ஊரும் சரியென்று விட்டுவிட்டது. ரொட்டிக்காரரின் காதுகளுக்கு மற்றவர்களுடையதைவிடப் பிரகாசம் அதிகம். மனைவி தலைமுடியை அள்ளி முடிந்தால் போதும், கடையில் நின்றபடியே எரிவார். "தம்பி, பட்டப்பகல்ல எதுக்கு வெளிச்சம்? அணைச்சிட்டு ரெண்டு பன் குடுங்க" என்பாள் கடைக்கு வரும் அவருடைய அண்ணி.

மனைவியின் காதுகள் கல்யாணமான நான்கு வருஷமும் இருட்டாகவே இருந்தன. அவள் மறுத்ததில்லை. சிரிப்பாள், அணைத்துக்கொள்வாள். ஆனாலும் அவர் முதலில் பார்ப்பது அவள் காதைத்தான். பாவம் பார்த்து ஒருத்தி தன்னோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று ஐந்தாம் வருஷம் முடிவுக்கு வந்தார். வெளியூர் ரொட்டி ஆலையில் வேலை கேட்டார், கிடைத்தது. அவளை விடுவிப்பதாக நினைத்துக்கொண்டு பெட்டி கட்டினார்.

மதியம் அவர் தூங்கும்போது அவள் பின்னறையில் மாவு பிசைவாள். அவர் எழுந்து அடுப்பு மூட்டும்போது உப்பிய மாவு அச்சுகளில் தயாராக இருக்கும். பிசையும் நேரத்தில் அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. கிளம்பும் நாளன்று தூக்கம் வராமல் பின்னறைக்குப் போனார். அவள் அழுதுகொண்டே பிசைந்துகொண்டிருந்தாள். மாவு கல்லாகக் கிடந்தது.

"ஈஸ்ட் போடலையா?"

"அதை வாங்கி நாலு வருஷம் ஆச்சு."

மாவைப் பார்த்தபடியே சொன்னாள். அவர் முந்தி எழுந்து தட்டுகளைக் கழுவிவைத்த நாளில், அவள் தங்கை கதையை முழுசாகக் கேட்ட நாளில், அவள் சுட்டுக்கொண்ட விரலை ஊதியபடி கேலி பேசிய நாளில், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். மத்தியானத்துக்குள் கை வழியே மாவில் இறங்கும். மாவு உப்பி மூடியைத் தூக்கிவிடும்.

"ஏன் சொல்லல?"

"நீங்க காதையே பாத்துக்கிட்டிருந்தா நான் என்னத்த சொல்ல? ஊரே திங்குது, உங்களுக்கு மட்டும் தெரியலையாக்கும்."

அவர் கைகழுவி வந்து அவள் பின்னால் உட்கார்ந்தார். கழுத்தைப் பிடித்துவிட்டார். நான்கு வருஷமாகக் கேட்காததையெல்லாம் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல ஒன்றரை மணி நேரம் போயிற்று. அவள் ஒருமுறை சிரித்தாள். மாவு அசைந்தது. தொட்டியை நிறைத்தது, வழிந்தது, அவர் கட்டிவைத்த பெட்டியை மூடியது, கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனது. தன் ஐந்து நிமிஷ வெளிச்சத்தை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்துப் பிரமித்துப்போனார்.

"இத்தனையா?"

"பாதிதான். நீங்க நிறுத்திட்டீங்க."

அவர் வெளியூர் போகவில்லை. மூன்று தெருக்காரர்கள் இரண்டு நாள் ரொட்டி தின்றார்கள். அந்த வாரமே பின்னறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கினார்கள். வேலைக்கு வந்த மேஸ்திரி காரணம் கேட்கவில்லை. அவர் தன் வீட்டில் போன வருஷமே இரண்டு சுவரை இடித்திருந்தார்.