எட்டாவது பனியன்

எனக்கு ரோஷம் அதிகம். படவேட்டில் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான். வாய்விட்டுக் கூப்பிடாத இடத்துக்குப் போக மாட்டோம். விஜயராஜைக் காதலித்துக் கட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மலையேறி வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு சாமை அறுவடைக்கோ புளி உலுக்கவோ இந்த ஊர்ப் பெண்கள் என்னைக் கூப்பிட்டதில்லை. அருவாளோடு என் வாசலில் நின்று சத்தமாகப் பேசிவிட்டுத்தான் போவார்கள். வெறுப்பேற்றுகிறார்கள் என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

கோடை விழாவில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. எங்கள் ஊர் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மேளம் காதைப் பிளக்கிறது, எனக்குக் கை பரபரக்கிறது. எட்டுப் பேர் வேண்டும். தேவயானிக்குக் கால் பிசகி, ஏழு பேர்தான் நிற்கிறார்கள். அவள் கழற்றிய அணிப் பனியன் புல்லில் கிடந்தது. இப்போதுகூடவா கூப்பிட மாட்டார்கள்?

அணித் தலைவி மங்கம்மாள் நேராக என்னிடம் வந்தாள். கூப்பிடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ புடவைக்கு மேல் போட்டிருந்த பனியனை இழுத்துக் காட்டினாள்.

"சரிதா, விழாவுல குடுத்தாங்க. இதுல இன்னா எழுதியிருக்குது?"

"கவுன்ட் மீ இன்," என்றேன் கடுப்பாக. "என்னையும் சேத்துக்கங்கன்னு அர்த்தம். நாலு பேரு ஒரு காரியத்துல எறங்கும்போது நாமளே போய்ச் சொல்றது."

"யாரும் கூப்புடாமயா?"

"ஆமா."

"இதுக்கு எதுக்கு இங்கிலீசு? எங்கூர்ல யாரு யாரைக் கூப்புடுறாங்க? கூப்புட்டா வேலை ஏவுற மாதிரி ஆயிடும். வாசல்ல நின்னு பேசுவோம், இஷ்டம் இருக்கறவங்க வருவாங்க."

சொல்லிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்று பேசியது அதற்கா? இரண்டு வருடமாகவா?

நடுவர் விசிலை வாயில் வைத்தார். செருப்பை உதறிவிட்டு ஓடினேன். பனியனைத் தலைவழியே மாட்டிக்கொண்டே, "கவுன்ட் மீ இன்" என்று கத்தினேன். அது போதாது என்று தோன்றியது. "நானும் வர்றேங்க," என்றேன்.

மங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதைச் சொல்ல ரெண்டு வருசமா உனக்கு? கடைசியில நில்லு. கயித்தை இடுப்புல சுத்திக்க."