கீழே பிடிக்கும் ஆள்

...சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், இல்லை, இந்தப் பலகை முடிந்ததும் சொல்லிவிடலாம், இப்படிச் சொல்லிச் சொல்லியே காலையிலிருந்து நான்கு பலகை ஏறிவிட்டது, இது ஐந்தாவது, இன்னும் மூன்றுதான் பாக்கி. ஐந்து மணிக்குள் விதைக் கிடங்கு மேனேஜருக்குப் போன் போட்டு, வேலைக்கு வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், அதற்கு முன் அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் இவன் கிடப்பதோ தளத்துக்குப் புதுப் பலகை போடும் டிராக்டர் ட்ரெய்லருக்கு அடியில், சாக்கு விரித்து மல்லாக்க, மூக்குக்கு ஒரு முழம் மேலே இரும்புச் சட்டம், கையில் ஸ்பானர். மேலே அண்ணன். இன்னும் பலகை ஏறாத சந்து வழியாகப் பார்த்தால் அண்ணனுடைய செருப்பு தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நான் போகிறேன் என்று பதினொரு வருஷமாக வாயில் வராத விஷயத்தைப் போயும் போயும் ஒரு செருப்பைப் பார்த்தா சொல்வது? மேலேயிருந்து போல்ட் இறங்குகிறது, "பிடிடா" என்கிறார், இவன் பிடிக்கிறான்.

பிடிக்காவிட்டால் வேலை நடக்காது, அதுதான் இதில் உள்ள சங்கடம். மேலே போல்ட்டைத் திருப்பத் திருப்பக் கீழே நட்டும் சும்மா கூடவே சுற்றும், ஒருவன் அதை அசையாமல் பிடித்தால்தான் பலகை சட்டத்தோடு கடித்து உட்காரும். இந்த வீட்டில் அந்த ஒருவன் எப்போதும் இவன்தான். மோட்டாரைத் தூக்கினாலும் சரி, கலப்பைக்குப் பல் மாற்றினாலும் சரி, திருப்புவது அண்ணன், பிடிப்பது தம்பி, யார் இப்படிப் பங்கு பிரித்தார்கள்? யாரும் பிரிக்கவில்லை, அப்பா இறந்த வருஷம் அண்ணன் ஸ்பானரை நீட்டினார், இவன் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் கையில் அதே ஸ்பானர். போன மாதம் எரு ஏற்றும்போது பழைய பலகை இற்று அண்ணன் கால் முட்டிவரை உள்ளே போய்விட்டது, இவன் சிரித்துவிட்டான், அண்ணனும் சிரித்தார், பிறகு வரப்பு மறைவில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார், அதை இவன் பார்த்திருக்கவே வேண்டாம். பார்க்காமல் இருந்திருந்தால் போன வாரமே சொல்லியிருப்பான். சொல்லியிருப்பானா? பெரிய வீரன்தான்.

மனைவி இதை நம்பமாட்டாள், அவளிடம் எந்தச் சாக்கும் பலிக்காது. உங்க அண்ணன் உங்களைக் கட்டியா போட்டிருக்கார், என்று கேட்டாள் முந்தாநாள், கிடங்கு குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, குழாயில் தண்ணீர், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட நாலு பேர், என்று விரல் விட்டு எண்ணினாள். இவன் எப்போதும் சொல்கிற பதிலைத்தான் சொன்னான்: அவர் விடமாட்டார். அவள் எண்ணிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டாள், அதுதான் இவனை உறுத்துகிறது... கண்ணில் துரு விழுந்துவிட்டது, துடைக்க ஒரு கையும் சும்மா இல்லை, தோள்பட்டை மரத்துப்போய்விட்டது, திரும்பலாம் என்றால் இந்தப் பக்கம் அச்சு, அந்தப் பக்கம் சக்கரம். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு, முகம் தெரியாதது கூட நல்லதுதான்.

"அண்ணே..."

"என்னடா?"

"...பலகைக்கு நடுவுல சந்து போதுமா?"

"ஆணி வெச்சுத்தான் அளந்தேன். மழை பட்டு ஊறினா சரியா இருக்கும். நீ நட்டைப் பாரு."

நட்டைப் பார்த்தான். தன்னை நினைத்து இவனுக்கே பற்றிக்கொண்டு வந்தது, ஒரு மனுஷன் இவ்வளவு கோழையாகவா இருப்பான். அதற்குள் சக்கரத்தோரம் மனைவியின் கால்கள் வந்து நின்றன, ஒரு கை டீ டம்ளரைத் தரையோடு தரையாக உள்ளே தள்ளியது. படுத்துக்கொண்டு டீ குடிப்பது எப்படி என்று அவளுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது, முழங்கையை ஊன்றி ஒரு வாய் உறிஞ்சுவதற்குள் பாதி சட்டைக் காலரில் இறங்கியது. சொன்னீங்களா, என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இரு, என்றான். அவள் போகவில்லை, கால் கட்டை விரலால் மண்ணை அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஆறாவது பலகை வந்து விழுந்தது, இவன் ஸ்பானரைத் தூக்கி வைத்துக்கொண்டு போல்ட்டுக்குக் காத்திருந்தான். போல்ட் வரவில்லை. மேலே டிரில் மெஷின் உறுமியது, இரும்புத் தூள் சூடாக நெற்றியில் உதிர்ந்தது, பலகையையும் சட்டத்தையும் துளைத்துக்கொண்டு பளபளவென்று ஒரு ஸ்க்ரூ முனை கீழே எட்டிப் பார்த்தது, அப்படியே நின்றது. இதைப் பிடிக்க வேண்டுமா, எங்கே பிடிப்பது?

"அண்ணே, இதுக்கு நட்டு?"

"இதுக்கு நட்டு கிடையாதுடா. மேலேருந்தே முடுக்கிடலாம், கீழ ஆள் வேண்டாம். நீ வெளிய வா."

"இது எப்ப வாங்கினீங்க?"

"போன வாரம். இனிமே ஒத்தை ஆளா செஞ்சாகணுமே." மெஷின் நின்றது. "நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுறது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்காதா? குவார்ட்டர்ஸ்ல எத்தனை ரூமுன்னுகூட எனக்குத் தெரியும். காலையிலேருந்து நீயா வாயைத் திறப்பேன்னுதான் போல்ட்டையே போட்டுக்கிட்டிருந்தேன். முட்டி வலிக்குது, எவ்வளவு நேரம்தான் காத்திருக்கிறது? போன் பண்ணிச் சொல்லிடு, போ."

அவ்வளவுதானா? இதற்காகவா பதினொரு வருஷம்... சக்கரத்தோரம் மண்ணை அழுத்திக்கொண்டிருந்த கட்டை விரல் தளர்ந்தது, அவளும் கேட்டுவிட்டாள், இனி அவளிடம் யாரைக் காட்டிச் சாக்குச் சொல்வது? சந்தோஷம் வந்திருக்க வேண்டும், எங்கே அது, இப்போது பொங்கி வருவது அதுதானா, இல்லையே, கோபம் மாதிரி அல்லவா இருக்கிறது, தன்னைக் கேட்காமலே தன் வேலையை ஒரு டப்பா ஸ்க்ரூவிடம் கொடுத்துவிட்டார் என்று. அடுத்த ஸ்க்ரூ இறங்கியது, அதற்கடுத்ததும். வெளியே போகச் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் தாராளமாக இடம் இருந்தது, ஒரு புரள் புரண்டால் போதும், அங்கே இடம் இருப்பது காலையிலிருந்தே இவன் கண்ணில் படவில்லை. "வரேன்" என்றான். வரவில்லை. மெஷின் உறுமும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முனைகளையே பார்த்துக் கிடந்தான், அவற்றில் ஒன்றாவது பிடிக்காமல் சும்மா சுற்றவேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் இவனுக்குத் தெரிந்தது.