வட்டியில்லாக் கடனும் ஒரு பட்டுச் சேலையும்

1

இந்தக் கதை ஒரு பட்டுச் சேலையால் வந்தது. என் மகள் ஃபைஸா சட்டம் படிக்க, மஸ்கட்டில் இருக்கும் அண்ணனிடம் கடன் கேட்டேன். ஊருக்கு வந்த ஒருவர் கையில் பணத்தோடு சேலையையும் கொடுத்தனுப்பிவிட்டார். சட்டக் கல்லூரிக்குப் பட்டுச் சேலை எதற்கு?

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'லப்பைக்குடிக்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கிய நைனா முகமது, மகளுக்கு இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்ததைக் கேட்டு...'

(இந்த வரியை அடித்துவிட வேண்டும். என் கணவர் நைனா முகமது போன வருடம் மஸ்கட்டில் மவுத்தாகிவிட்டார். எழுத உட்கார்ந்தால் வந்துவிடுகிறார். வந்தவர் ஒரு முடிவையாவது சொல்லலாம். உயிரோடு இருந்தபோதும் இதே பேச்சுதான்: "ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம்.")

3

விஷயம் இவ்வளவுதான். திருச்சி அரசுக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். ஆனால் படித்து முடித்தால் பெரம்பலூர் கோர்ட்டில் யாரோ ஒரு சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு, பஸ் காசுக்குச் சில வருடம் நிற்க வேண்டும். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, படித்ததும் பெரிய கம்பெனியில் வேலை என்கிறது. அதற்குப் பேங்க் லோன் வேண்டும். லோன் என்றால் வட்டி. எங்கள் வீட்டில் வட்டி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். ஆகவே அண்ணனிடம் கேட்டேன், ஃபைஸாவிடம் கேட்பதற்கு முன்பே.

"வட்டியும் வேணாம், மொதலும் வேணாம் நஜ்மு," என்றார். "நாளைக்கி நம்ம ஆசிப்புக்கு வரப்போற புள்ளதானே."

ஆசிப் அவருடைய மகன்.

அண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. அங்கே என் கணவரைக் குளிப்பாட்டி அடக்கியது அவர்தான். நான் முகம்கூடப் பார்க்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

4

முடிவு, ஒன்று: சேலையைத் திருப்பிவிட்டு நானும் ஃபைஸாவும் பேங்குக்கு... (கை ஓடவில்லை.)

இரண்டு: திருச்சி. கறுப்புக் கோட்டோடு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். அப்புறம்... (அப்புறம் என்ன? வீட்டுச் செலவுக்கு?)

மூன்று: ஆசிப். நல்ல பையன். (ஒருவனை 'நல்ல பையன்' என்று எழுதினால், எழுதுகிறவளுக்கு அவனைப் பற்றி வேறொன்றும் தெரியாது என்று அர்த்தம்.)

5

இதுவரை எழுதியதை ஃபைஸா எடுத்துப் படித்துவிட்டாள்.

"மவுத்தாப்போன அத்தாகூட வந்து பேசிட்டுப் போறாங்க. எனக்கு ஒரு வரிகூட இல்ல."

"நீ எங்கடி பேசுன?"

"நீ எங்கம்மா கேட்ட?"

"சரி, இப்ப கேக்குறேன். திருச்சியா, சென்னையா?"

"மொதல்ல இது." சேலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இதக் கட்டிட்டுக் கோர்ட்டுக்குப் போனா, பந்தி எங்கன்னு ஜட்ஜு கேப்பாரு. மாமாவுக்குப் போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு. நான் பேசிக்கிறேன்."

போட்டேன். மணி அடிக்கிறது.

எந்தக் கல்லூரி என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். ஆனால் அவள் சலாம் சொன்ன பிறகு வரும் வரியை எழுத என்னை நம்பாதீர்கள். நான் எழுதினால் அவளை ஆசிப்புக்குச் சம்மதிக்க வைத்துவிடுவேன்.

பேனாவை மூடுகிறேன். அண்ணன் போனை எடுத்துவிட்டார்.